அடிக்கு முந்திய சத்தம்

திண்டிவனம்
12.06.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சேரன் எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் அக்காவும் சௌக்கியம்தானே? போனில் கேட்டு முடிக்க வேண்டியதைத் தாளில் கேட்கிறேன். என்ன செய்வது? நான் போன் அடித்தால் அக்காதான் எடுக்கிறாள். "போன்ல பேசினா நீ அப்படிச் சொன்ன, நான் இப்படிச் சொன்னேன்னு பேஜாரு. எதுவா இருந்தாலும் எழுதிப் போடச் சொல்றாரு உங்க மாமா" என்றாள். வாட்ஸப்பில் எழுதினால் அடுத்த நிமிஷமே போன் அடித்துவிடுகிறேனாம், அதனால் அதுவும் ஆகாதாம். தபால் ஆபீஸில் ஸ்டாம்பு கேட்டபோது கவுன்டரில் இருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். எல்லாம் உங்களால்தான்.

நம் 'லோடு' கம்ப்யூட்டர் விளையாட்டு முடிந்துவிட்டது மாமா. திண்டிவனத்தில் லாரியில் லோடு ஏற்றி, விழுப்புரத்தில் இறக்கும்வரை ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் நிற்கவில்லை. டிஸ்க் போட்டு விற்கப்போகிற சக்கரபாணி சாருக்கும் பிடித்துவிட்டது. முதலில் சின்ன ஊர்களில் இருக்கும் கேம் சென்டர்களுக்குக் கொடுப்பாராம். அங்கே நெட்டை நம்ப முடியாது, டிஸ்க்தான் சரி என்கிறார்.

சிக்கல் இடத்தில்தான். சாதாரண டிவிடியில் நாலே முக்கால் ஜி.பி. கூடப் பிடிக்காது. என்னுடைய படமும் புரோகிராமும் நாலு ஜி.பி. நீங்கள் பதிவு செய்து கொடுத்த ஒலி, சுருக்காமல் வைத்தால், அது ஒரு நாலு. இரண்டும் சேர வேண்டுமென்றால் டபுள் லேயர் டிஸ்க்கில் போடவேண்டும். சென்டர்களில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்கள் அதைப் படிக்கத் திணறுமாம். ஒலியைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டால் சாதாரண டிஸ்க்கே போதும். உங்களைக் கேட்காமல் கைவைக்க மனம் வரவில்லை. சரி என்று ஒரு வரி எழுதுங்கள்.

அக்காவுக்கு மல்லாட்டை தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
சேரன்


விழுப்புரம்
20.06.2024

மச்சான் சேரனுக்கு,

மாமா எழுதுவது. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. மல்லாட்டை வந்தது. கடலையை அவித்து நானே பாதியைத் தீர்த்துவிட்டேன் என்று உன் அக்கா சண்டைக்கு வருகிறாள்.

நீ கேட்ட ஒரு வரி: முடியாது.

இன்னும் நாலு வரி எழுதுகிறேன், இல்லையென்றால் நீ விடமாட்டாய். விக்கிரவாண்டியில் லாரியை ஓரம்கட்டிவிட்டு, கிளீனர் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்ப்பது உன் விளையாட்டிலேயே முக்கியமான இடம். காற்று நிறைந்த டயர் ஒரு மாதிரி சொல்லும், இறங்கிய டயர் ஒரு மாதிரி சொல்லும். ஆடுகிறவன் காதால் கண்டுபிடித்தாக வேண்டும் என்று நீதானே வைத்தாய்? அதற்காக டிரைவர் சின்னக்கண்ணுவின் லாரியை நிறுத்தி, அவரைத் தட்டச் சொல்லி, வெயிலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரோட்டில் ஒரு வண்டி போனாலும் மறுபடி மறுபடி எடுத்தேன். "இன்னா சார், டயரு கிழிஞ்சிடப் போவுது" என்று சின்னக்கண்ணு அலுத்துக்கொண்டார். அதை எடுத்துப் பத்தில் ஒரு பங்காக்கிவிட்டு, அதே சத்தம்தான் என்று சொல்வாயா?

படத்தைக் குறை. இல்லை, பெரிய டிஸ்க்காகப் போடச் சொல். என் ஒலியில் கைவைக்காதே.

அம்மாவுக்கு வணக்கம் சொல்லு.

பாண்டுரங்கன்


திண்டிவனம்
02.07.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சேரன். எல்லாரும் நலம். அம்மாவுக்கு இடது கண்ணில் புரை முற்றிவிட்டதாம், நாள் குறிக்கிறோம் என்றார்கள். அக்காவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இன்றைக்கே பஸ் ஏறிவிடுவாள்.

உங்கள் கடிதத்தைச் சக்கரபாணி சாரிடம் படித்துக் காட்டினேன். சிரித்தார். பெரிய டிஸ்க் கிடையவே கிடையாது என்றும் சொல்லிவிட்டார். எனக்கும் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது மாமா, கோபப்படாதீர்கள். நம் சென்டர்களை நினைத்துப் பாருங்கள். மேலே ஃபேன் கடகடக்கிறது, பக்கத்து சீட்டில் ஒருத்தன் கத்துகிறான், ஹெட்போனில் ஒரு பக்கம் வேலை செய்யாது. அங்கே போய்ச் சுருக்காத ஒலி யாருக்குத் தெரியப்போகிறது? பெரிய பெரிய கம்பெனிகள் போடும் டிஸ்க்கிலேயே பாதி இடத்தை ஒலிதான் அடைத்துக்கொள்கிறது என்று புகார் வருகிறது. சுருக்கியதையும் சுருக்காததையும் என் லேப்டாப்பில் போட்டுக் கேட்டேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுருக்கிய விளையாட்டை இங்கே ஒரு சென்டரில் ஆடக் கொடுத்துப் பார்த்தேன். விக்கிரவாண்டியில் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். நல்ல டயரைக் கழற்றிப் போடுகிறார்கள், இறங்கிய டயரோடு போய்க் கவிழ்கிறார்கள். லாரி பழக்கம் இல்லாதவர்கள், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

சுருக்கிய டயர் சத்தத்தை மட்டும் தனி டிஸ்க்கில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு முறை காதுகொடுத்துக் கேளுங்கள். எங்கே கெட்டிருக்கிறது என்று சொன்னால் அங்கே மட்டும் கொஞ்சம் தளர்த்திச் சுருக்குகிறேன்.

உங்கள் பதிலுக்காக வேலையை நிறுத்திவைத்திருக்கிறேன்.

சேரன்


விழுப்புரம்
27.07.2024

சேரனுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. வேலை இருந்தது.

டிஸ்க்கைக் கேட்டேன். வீணாய்ப் போயிருக்கிறது. தட்டின சத்தம் எல்லாம் மழுங்கி, ஒன்றோடு ஒன்று கலந்து, எது எந்த டயர் என்றே தெரியவில்லை. ஒரு இடம் இரண்டு இடம் என்று பிரித்துச் சொல்ல முடியாது, முழுதும் அப்படித்தான். அசலை அப்படியே வை. இனி இதைப் பற்றிக் கேட்காதே.

அம்மாவின் கண்ணைக் கவனி.

பாண்டுரங்கன்


திண்டிவனம்
01.08.2024

மாமாவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடிதம் வந்ததும், அப்படி எங்கேதான் கெட்டுப்போனது என்று பார்க்க உட்கார்ந்தேன். அப்போதுதான் என் தப்பு தெரிந்தது. டிஸ்க் எழுதும்போது ஃபோல்டர் மாறிவிட்டது. 'சுருக்கியது' என்று பேர் எழுதி உங்களுக்கு நான் அனுப்பியது உங்கள் அசல் ஒலி. ஒரு துளிகூடச் சுருக்காதது. சின்னக்கண்ணு தட்ட, வெயிலில் நின்று நீங்கள் எடுத்த அதே சத்தம். அதைத்தான் மழுங்கிவிட்டது, வீணாய்ப் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள்.

டிஸ்க்கை மாற்றிப் போட்டது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் அதை மெஷினில் போடவே இல்லை, அப்படித்தானே? கேட்காமலேயே கேட்டேன் என்று எழுதிவிட்டீர்கள். உங்கள் பதிலுக்காகச் சக்கரபாணி சாரிடம் தவணை சொல்லிச் சொல்லி நான் அசடு வழிந்ததுதான் மிச்சம். நேற்று அவர், "உங்க மாமாவுக்கு இதுல இஷ்டம் இல்லன்னா வேற ஆளைப் போடலாம் தம்பி" என்று சொல்லிவிட்டார். நான் எது சொன்னாலும் நீங்கள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. ஆள் வளர்ந்துவிட்டால் மச்சான்காரன் சொல் ஏறுமா?

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சேரன்


விழுப்புரம்
19.08.2024

ஆசைத் தம்பி சேரனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு, அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட மறக்காதே. நான் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது, தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

உன் மாமா டிஸ்க்கைப் போட்டார். நான் பக்கத்திலேயே இருந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் கோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சத்தத்தைக் கடைசிவரைக்கும் ஏற்றினார். பக்கத்தில் நின்ற எனக்கே ஹெட்போனிலிருந்து டங்கு டங்கென்று கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

சேரா, உன் மாமாவுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. வலது காது சுத்தமாக இல்லை. இடதில் பாதிதான். போன வருஷம் ஆரம்பித்தது. நரம்பு கெட்டுவிட்டது, திரும்பாது, மெஷின் வைத்தால் பேச்சு புரியும் என்று டாக்டர் சொன்னார். இத்தனை வருஷம் ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றாரே, அதுவாக இருக்கலாமாம். போன் எடுக்காததற்கு அதுதான் காரணம். மெஷின் வைக்கமாட்டேன் என்கிறார். "காதுல மெஷினோட போனா எவன் எனக்கு சவுண்டு வேலை குடுப்பான்? சமையக்காரன் நாக்கு செத்துடுச்சுன்னா அவன் கையில எவன் சாப்பிடுவான்?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். யாரிடமும் சொல்லக்கூடாது, முக்கியமாக உன்னிடம் சொல்லவே கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டு எதிரில் ரோடு கடக்கும்போது பின்னால் பஸ் ஆரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. இவர் நகரவில்லை. கண்டக்டர் இறங்கி வந்து சட்டையைப் பிடித்து இழுத்து, "இன்னாய்யா, செவுடா நீ?" என்று கேட்டானாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு ராத்திரியே சத்தியத்தை மீறிவிடுவது என்று முடிவு செய்தேன்.

உன் கடைசிக் கடிதத்தை அவர் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். நீ அப்படி எழுதியிருக்க வேண்டாம். உனக்குத் தெரியாது, அதனால் உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் வருத்தம் இருக்கிறது.

அக்கா இளவரசி


திண்டிவனம்
23.08.2024

மாமா,

அக்கா எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதீர்கள், திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்.

காதில் போட்டுக்கொள்வதில்லை என்று எழுதினேனே, அந்தக் கையை உடைத்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது. இரண்டு நாட்களில் மூன்று முறை விழுப்புரம் பஸ்ஸில் ஏற நினைத்து, உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்து திரும்பிவிட்டேன். மைக்கைப் பிடிப்பது எப்படி என்று எனக்குக் காட்டியதே நீங்கள்தான். உங்களை விட்டுவிட்டு வேறு ஆளைப் போட்டு இந்த டிஸ்க் வெளியே வராது. சக்கரபாணி சார் வேண்டாம் என்றால் விளையாட்டே வேண்டாம்.

இந்த முறை சரியான டிஸ்க்குகள்தான் வைத்திருக்கிறேன். ஒன்று அசல், ஒன்று சுருக்கியது, இரண்டுமுறை சரிபார்த்துப் பேர் எழுதினேன். கேட்கச் சொல்லி அனுப்பவில்லை. உங்களுடையது உங்களிடம் இருக்கட்டும் என்றுதான்.

சேரன்


விழுப்புரம்
10.09.2024

மச்சான் சேரனுக்கு,

மாமா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, காதைத் தவிர. கையை உடைத்துக்கொள்ளாதே, டைப் அடிக்க வேண்டும்.

உன் அக்காவோடு மூன்று நாள் பேசாமல் இருந்தேன். எனக்குக் கேட்காது என்பதால் அவள் பேசினாளா இல்லையா என்று தெரியவில்லை. நாலாம் நாள் சமாதானம் ஆகிவிட்டோம்.

நான் ஏன் பிடிவாதம் பிடித்தேன் என்று இப்போது சொல்லிவிடலாம். அசல் ஒலி என்றால் எனக்குத் தெரியும். அது காது நன்றாக இருந்தபோது நான் கேட்டு, சரியென்று வைத்தது. நீ சுருக்கினால் அது வேறு ஒலி. யாராவது உட்கார்ந்து கேட்டுச் சரி சொல்லவேண்டும். என்னால் முடியாது. முடியாது என்று சொல்லவும் முடியவில்லை. அதுவும் போக, அந்த லாரிச் சத்தம்தான் நான் கடைசியாக முழுசாகக் கேட்டது. அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் அரைகுறைதான்.

அன்றைக்கு உன் டிஸ்க்குகளைப் பார்த்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. உன் அக்காவுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு, "என்ன கேக்குது, அப்படியே சொல்லு" என்றேன். எனக்குப் புரிகிற மாதிரி முகத்துக்கு நேரே, மெதுவாக. முதலில் அசல். "இது டங்குனு இருக்குது, இது தொப்புனு இருக்குது, இதுல காத்து எறங்கிக்கினு இருக்குது" என்று டயர் டயராகச் சொன்னாள். எல்லாம் சரி. அடுத்து நீ சுருக்கியது. மறுபடி போடச் சொன்னாள். அப்புறம் சொன்னாள்: "இன்னாங்க இது, கம்பி டயர்ல படறதுக்கு முன்னாடியே சத்தம் வருது?"

எழுந்து நின்றுவிட்டேன் மச்சான். அவளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒலியை அதிகமாகச் சுருக்கினால் சட்டென்று வரும் அடிக்கு முன்னால் அதன் தூசி கொஞ்சம் சிதறி வந்து விழும். லாரி எஞ்சின், ஆரன், மழை, பேச்சு இதிலெல்லாம் மறைந்துவிடும், யாருக்கும் தெரியாது. அமைதியில் தட்டுகிற சத்தத்தில் மறையாது. எப்படி வருகிறது என்று கேட்டேன். "புஸ்ஸுனு வருது. எல்லா டயரும் பஞ்சர் மாரி கேக்குது" என்றாள்.

சென்டரில் ஆடினவர்கள் ஏன் நல்ல டயரைக் கழற்றினார்கள் என்று புரிகிறதா? அவர்கள் காது சரிதான். உன் டிஸ்க் பொய் சொல்லியிருக்கிறது.

ஆகையால் நீ சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. டயர் தட்டும் சத்தத்தை மட்டும் சுருக்காமல் வை. மற்றதை எல்லாம் சுருக்கிக்கொள். இடம் போதுமா பார்.

அம்மாவுக்கு எங்கள் வணக்கம்.

பாண்டுரங்கன்


திண்டிவனம்
16.09.2024

அன்புள்ள மாமாவுக்கு, அக்காவுக்கு,

சேரன். எல்லாரும் சுகம். அம்மாவுக்கு ஆபரேஷன் அக்டோபர் நாலாம் தேதி என்று சொல்லிவிட்டார்கள்.

இடம் போதும்! டயர் சத்தம் மொத்தமே நூற்றைம்பது எம்.பி.தான். அதை அசலாக வைத்து, மற்றதைச் சுருக்கினேன். சாதாரண டிஸ்க்கிலேயே அடங்கிவிட்டது. நல்ல ஹெட்போன் ஒன்று இரவல் வாங்கிச் சுருக்கியதைத் திரும்பக் கேட்டேன். அக்கா சொன்ன புஸ் இருக்கிறது. தெரிந்தபிறகு அது மட்டும்தான் கேட்கிறது. சென்டரில் புதுசைக் கொடுத்தேன், விக்கிரவாண்டியைத் தாண்டிப் போகிறார்கள்.

இன்னொரு சிக்கல் வந்திருக்கிறது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், ஒலிக்காரர் நேரில் உட்கார்ந்து கேட்டுக் கையெழுத்துப் போடவேண்டும் என்கிறார் சக்கரபாணி சார். குயிலாப்பாளையத்தில் ஒரு ஸ்டுடியோ பிடித்திருக்கிறாராம். அதுவும் அக்டோபர் நாலுதான். அம்மாவை விட்டு என்னால் வரமுடியாது. உங்கள் காதைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவா, வேண்டாமா? தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று பயமாகவும் இருக்கிறது. நீங்கள் என்ன எழுதுகிறீர்களோ அப்படியே செய்கிறேன்.

சேரன்


விழுப்புரம்
20.09.2024

மச்சானுக்கு,

நலம். சொல்லாதே.

நானும் உன் அக்காவும் போகிறோம். அவளுக்கு ஒரு ஹெட்போன், எனக்கு ஒன்று. சரியாக இருந்தால் மேசைக்கடியில் என் காலை ஒருமுறை மிதிப்பாள், சரியில்லை என்றால் இரண்டுமுறை. அவர் பேசுவது முகத்தைப் பார்த்தால் முக்கால்வாசி புரிந்துவிடும். இது தெரிந்துபோனால் சென்னை வரைக்கும் போய்விடும், அப்புறம் எனக்கு வேலை இல்லை. மேடையில் மைக் கட்டக்கூடக் கூப்பிடமாட்டார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடியட்டும். உன் அக்கா அங்கே இருக்க வேண்டிய நாளில் என்னோடு வருகிறாள். அம்மாவிடம் அதைச் சொல்லு, அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

பாண்டுரங்கன்


விழுப்புரம்
06.10.2024

அன்புள்ள மச்சானுக்கு,

மாமா எழுதுவது. அம்மாவின் கண்கட்டை அவிழ்த்துவிட்டார்களாமே, ரொம்ப சந்தோஷம். உன் அக்கா வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து பத்து நாள் இருப்பாள்.

குயிலாப்பாளையத்தில் நடந்ததை யார் வழியாகவும் கேட்கவேண்டாம் என்று நானே எழுதுகிறேன். போனோம். சக்கரபாணி நல்ல மனுஷனாகத்தான் தெரிந்தார், இளநீர் வாங்கிக் கொடுத்தார். எஞ்சின், மழை எல்லாம் கேட்டு முடித்தோம், உன் அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை மிதித்தாள், நான் தலையாட்டினேன். கடைசியில் டயர் சத்தத்தை இரண்டு விதமாகவும் போட்டார்கள். சக்கரபாணி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. இதுக்குப் போயி எதுக்கு இவ்ளோ இடம்? அதையும் சுருக்கிடலாமே. நீங்க என்ன சொல்றீங்க பாண்டுரங்கன்?" என்றார்.

உன் அக்கா என் காலை இரண்டுமுறை மிதித்தாள். நசுக்கினாள் என்றே சொல்லலாம். "இல்ல சார், வித்தியாசம் நல்லாத் தெரியுது" என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி. வாய் வரவில்லை மச்சான். அவள் கேட்டதை நான் கேட்டதாக எப்படிச் சொல்வது? அந்த நிமிஷம் எனக்கு அது திருட்டாகப் பட்டது.

"எனக்கும் ரெண்டும் ஒண்ணுதான் சார். எனக்குக் காது கேக்காது" என்றேன். "வீட்டுல இவங்களுக்குத்தான் கேக்குது. இவங்கதான் இதக் கண்டுபுடிச்சாங்க. இவங்களைக் கேளுங்க."

அவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்து முதலில் சிரித்தார். பிறகு உன் அக்காவின் முகத்தைப் பார்த்தார், நிறுத்திவிட்டார். அவளைச் சுவர் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லி, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். அவள் ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை. சலித்துப்போய், "எத்தினி வாட்டி சார் போடுவீங்க? அதுல புஸ்ஸுனு வருது, இதுல வரல. அவ்ளோதான்" என்றாள். சக்கரபாணி கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டார். பிறகு அசலே இருக்கட்டும் என்று எழுதிக்கொண்டு, தாளை என்னிடம் நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். பேனாவை வாங்கி உன் அக்காவிடம் கொடுத்து, அவளையும் போடச் சொன்னேன்.

அடுத்த வேலை தருவாரா என்று தெரியாது. கேட்கவும் இல்லை. விளையாட்டின் கடைசியில் பேர் ஓடுகிற இடத்தில் 'ஒலிப்பதிவு பாண்டுரங்கன்' என்று வைத்திருக்கிறாய். அதற்குக் கீழே அதே அளவு எழுத்தில் 'ஒலி கேட்டவர் இளவரசி' என்று சேர்த்துவிடு. இதில் மறுபேச்சு வேண்டாம்.

திரும்பி வரும்போது சுற்றுவழியில் போகும் பஸ்தான் கிடைத்தது, அதில் அவளைக் கேட்டேன், அசல் எப்படி இருந்தது என்று. "சின்னக்கண்ணு பக்கத்துல நின்னு தட்ற மாரியே இருந்துச்சு" என்றாள். எனக்கு அது போதும் என்று எழுதினால் பொய். போதாது. நானே ஒருமுறை கேட்கவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பஸ்ஸில் எல்லாரும் பார்க்க அழுதேன், அவளும் அழுதாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது முகத்தைத் துடைத்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை மெஷின் வைக்க அளவு எடுக்கிறார்கள். டிஸ்க் அச்சாகி வந்ததும் ஒன்றை நேரில் கொண்டுவா, உன் அக்காவும் நானும் ஆடிப் பார்க்கிறோம். அவள் கேட்கட்டும், நான் ஓட்டுகிறேன்.

அன்புடன் மாமா,
பாண்டுரங்கன்